கூப்பிட்டவளும் அடி வாங்குவாள்: கனடா ஊர்ச் சங்கப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள இடங்களிலும் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாக சபை என்று பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் நான்கு பேருக்கு என்னைத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஸ்காபுரோவில் என் வீட்டுக்கு வந்து, என் கணவரையும் என்னையும் ஒரே சோபாவில் இருத்தி வைத்து, இரண்டு மணி நேரம் சமாதானம் பேசினீர்கள். அன்று நான் தேநீர் போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, நீங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிறவள் என்பதால் பெயர் போடவில்லை. சங்கத்தின் பெயரையும் போடவில்லை, ஏனென்றால் இது ஒரு சங்கத்தின் பிழை என்று நான் நினைக்கவில்லை. எந்தச் சங்கத்திலிருந்து ஆள் வந்திருந்தாலும் அதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வசனம் இதுதான்: "பிள்ளை, நீதானே அவனைக் கூப்பிட்டனீ, உன்ர கையிலதானே எல்லாம் இருக்கு, வந்தவனுக்குக் கொஞ்சம் காலம் குடு."

என் கையில் என்ன இருந்தது என்று இன்றைக்காவது கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து, இங்கே வந்து, அவரைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் படிவம் நிரப்பினேன். அதில் ஒரு பொறுப்பேற்பு இருக்கிறது. கணவனோ மனைவியோ நிரந்தர வதிவிடம் பெற்று வந்த நாளிலிருந்து 3 வருடத்துக்கு அவருடைய சாப்பாடு, உடுப்பு, வீடு எல்லாம் என் பொறுப்பு, அவர் அரசாங்கத்திடம் சமூக உதவிப் பணம் எடுத்தால் அதை நான் திருப்பிக் கட்ட வேண்டும். பிரிந்தாலும் விவாகரத்து ஆனாலும் எனக்கு வேலை போனாலும் அந்தக் கையெழுத்து மாறாது. முந்தி இது 10 வருடம், 2002இல் வந்த புதிய சட்டத்தோடுதான் கணவன் மனைவிக்கு 3 ஆக்கினார்கள். ஆளை நம்பிக் கையெழுத்து வைக்கும்போது 3 வருடம் எல்லாம் ஒரு விசயமா என்றுதான் யோசித்தேன்.

அவர் வந்து இறங்கிய அன்றே முழு உரிமையோடுதான் இறங்கினார். 2012க்குப் பிறகு கொஞ்சக் காலம் வேறு மாதிரி இருந்தது. குறுகிய கால உறவில் வந்தவர்கள் ஸ்பொன்சர் செய்தவரோடு 2 வருடம் சேர்ந்து வாழ வேண்டும், இல்லையென்றால் வதிவிடம் போகலாம் என்று ஒரு நிபந்தனை. 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான் என்று நான் நினைக்கிறேன், அடி வாங்கிக் கொண்டு இந்த 2 வருடத்தைத் தாண்டினால் போதும் என்று பல்லைக் கடித்துக் கொண்டிருந்த பெண்களுக்கு அது பெரிய கொடுமை. அந்த விதி திரும்ப வர வேண்டும் என்று யாரும் என் பெயரால் கேட்க வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. ஆள் வந்து சேருவதற்கு முன்பு விண்ணப்பத்தை மீளப் பெற எனக்கு உரிமை இருந்தது. வந்து சேர்ந்த பிறகு அவருடைய வதிவிடத்தில் என்னால் கைவைக்க முடியாது, அவருக்கோ என் கையெழுத்து 3 வருடம் முழுதும் பயன்படும். "உன்ர கையிலதானே எல்லாம்" என்று நீங்கள் சொன்ன அந்த நேரத்தில் என் கையில் இருந்தது கடன் மட்டும்தான்.

முதல் நான்கு மாதம் நன்றாகத்தான் இருந்தார். ஊரில் நல்ல வேலையில் இருந்தவர், இங்கே கிடங்கில் பெட்டி தூக்க வேண்டி வந்தது, அந்தக் கவலை எனக்கும் இருந்தது. நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. முதலில் என் வங்கி அட்டை அவரிடம் போனது, கணக்கு வழக்கை ஒருவர் பார்த்தால் போதும் என்றார். அப்புறம் காரில் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று காலையில் போய்ப் பார்ப்பார், வேலைத்தலத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைவிட இரண்டு கூடினால் அன்று முழுக்க விசாரணை. அப்புறம் அடி. முதல் தடவை அடித்த அன்று அழுது மன்னிப்புக் கேட்டார், மூன்றாவது தடவை நான்தான் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இப்போது எனக்கே நினைவில்லை.

அடியைவிட என்னை வாயடைக்க வைத்தவை இரண்டு வசனங்கள். "நான் வெளியில போய் வெல்ஃபெயர் எடுப்பன், நீ கட்டிக்கொண்டு கிட." வெல்ஃபெயர் என்றது அந்தச் சமூக உதவிப் பணத்தைத்தான். மற்றது, "பொலிசுக்குப் போன் அடிச்சா நீதான் என்னை அடிச்சனீ எண்டு சொல்லுவன், ஸ்பொன்சர் பண்ணிக் கொண்டுவந்து அடிமை மாதிரி வச்சிருக்கிறாய் எண்டு சொல்லுவன்." இரண்டாவதை நான் முழுதாக நம்பினேன். ஏன் நம்பினேன் தெரியுமா? இங்கே அச்சடித்துத் தரும் துண்டுப் பிரசுரங்களில் எல்லாம் ஸ்பொன்சர் செய்தவர்தான் மிரட்டுகிறவர், வந்தவர்தான் பயந்தவர். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக் கொண்டு, இதில் நான் எந்தப் பக்கம் என்று தேடினேன். கூப்பிட்டவர் அடி வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. பெண் மட்டுமில்லை, கூப்பிட்ட ஆண்களும் இருக்கிறார்கள், அவர்கள் வெட்கத்தில் வாயே திறப்பதில்லை.

சரி, நீங்கள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அடித்தவரைப் பக்கத்தில் இருத்தி வைத்துவிட்டு "என்ன பிரச்சினை, மனம் விட்டுச் சொல்லு பிள்ளை" என்று கேட்டால் எந்த வாய் திறக்கும்? என் கை நடுங்குவதை உங்களில் ஒருவர் கண்டார், கண்டுவிட்டுக் கண்ணை எடுத்துக் கொண்டார். இன்னொருவர், பேப்பருக்காக, அதாவது கனடா வதிவிடத்துக்காக மட்டும் கட்டியவனா என்று என்னைத் தனியாகக் கேட்டார். அக்கறையில்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் மனதுக்குள் என்ன நினைத்து வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதை நிரூபிக்கவும் முடியாது. உண்மையாக என்னை விரும்பியே வந்திருக்கலாம். விரும்பி வந்தவர் அடித்தாலும் பல்லு உடையும்தானே. நம் ஆட்களுக்கு இரண்டு கதைதான் தெரிகிறது, ஒன்று "பாவம், அந்நிய நாட்டில் வந்து கஷ்டப்படுகிறான்", மற்றது "கள்ளன், பேப்பருக்கு வந்தவன்". இரண்டிலும் பேச்சு அவரைப் பற்றியே போகிறது, அடி வாங்கியவள் நடுவில் காணாமல் போகிறாள்.

நீங்கள் போன அன்றிரவு என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். அதற்கு ஆறு கிழமைக்குப் பிறகு, பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த பிள்ளை சத்தம் கேட்டு 911 என்ற அவசர எண்ணுக்கு அழைத்தாள். அடியைத் தடுக்கப் போனதில் அவர் கையிலும் என் நகக் கீறல் இருந்தது, அவர் சொன்னபடியே அதைத்தான் முதலில் காட்டினார். கீழே இருந்த பிள்ளை தான் கேட்டதை எல்லாம் ஒழுங்காகச் சொன்னதால் நான் தப்பினேன். இல்லாவிட்டால் இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டிருப்பார்கள், அப்படி நடந்த வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாளே ஊரிலிருந்து அழைப்புகள் தொடங்கின. மாமியார், மச்சாள், என் சொந்தப் பெரியம்மா. "கேசை வாபஸ் வாங்கு, அவனைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள், தாய் செத்துப் போவா." உங்களில் ஒருவர்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார். பெரியவர்களே, ஒன்றைத் தயவுசெய்து தெரிந்து கொள்ளுங்கள். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டு வன்முறைக்கு நியாயமான ஆதாரம் கண்டால் பொலிஸ் வழக்குப் போட்டே ஆக வேண்டும். போட்டபின் அதை நிறுத்துவதும் நடத்துவதும் அரச வழக்கறிஞர் கையில், என் கையில் இல்லை. நிரந்தர வதிவிடம் உள்ள ஒருவரை வழக்குப் போட்டவுடனே விமானத்தில் ஏற்றுவதும் கிடையாது. குற்றத் தீர்ப்பு வர வேண்டும், அதுவும் சட்டம் கடுமையானது என்று வகுத்த குற்றமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 6 மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும். அந்த நிலைக்கு ஒருவர் போனால் அதற்குக் காரணம் அவருடைய கை. வாபஸ் வாங்கு என்று எனக்கு அழைத்தவர்களில் ஒருவர்கூட, அடிக்காதே என்று அவருக்கு அழைக்கவில்லை.

வீடு என் பெயரில், கலியாணத்துக்கு முதலே வாங்கியது. "வீடு உன்ரதானே, அவனை வெளியில போகச் சொல்லு" என்று சொன்னீர்கள். அதுவும் பிழை. இங்கே குடும்ப வீட்டில் இருக்க, யார் பெயரில் இருந்தாலும், கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை. வெளியேற்ற வேண்டுமானால் நீதிமன்றத்தில் தனி உடைமைக் கட்டளை கேட்க வேண்டும், வன்முறை நடந்திருந்தால் நீதிபதி அதைக் கணக்கில் எடுப்பார். இதைச் சொல்லித் தந்தது சட்ட உதவி மூலம் கிடைத்த வழக்கறிஞர். விவாகரத்துச் சட்டத்திலும் 2021 மார்ச்சிலிருந்து அடி மட்டும் வன்முறை என்றில்லை, பணத்தை முடக்குவதும், ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்துவதும் குடும்ப வன்முறைக்குள் வரும். கிலோமீற்றர் பார்த்த கதையை அந்த வழக்கறிஞரிடம் வெட்கப்பட்டுக் கொண்டுதான் சொன்னேன். அவர் பேனையை எடுத்து அதை எழுதினார். எனக்கு அழுகை வந்த இடம் அது.

இப்போது அவர் வெளியே இருக்கிறார், சொன்னபடியே உதவிப் பணமும் எடுக்கிறார். தனி ஆளுக்கு மாதம் ஆகக் கூடியது 733 டொலர். 3 வருடம் முழுதும் ஒருவர் எடுத்தால் 26,000 டொலரைத் தாண்டும், இவர் மிச்சக் காலத்துக்கு எடுப்பதெல்லாம் என் கணக்கில் விழும். இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்தக் கடனை அரசாங்கம் அழித்துவிட முடியாது, ஆனால் ஸ்பொன்சர் செய்தவருக்கு முதலில் அறிவித்து, அவருடைய நிலைமையைக் கேட்டு, அறவிடுவதைத் தள்ளிப் போடலாம். அதன்படி பொலிஸ் அறிக்கையையும் இணைத்துக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். இதை எழுதலாம் என்றே தெரியாமல் இரண்டு வேலை செய்து கட்டிக் கொண்டிருக்கிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவளை அடித்தவனுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுப்பது போல அவள் கட்டுகிறாள்.

நான் உங்களிடம் பணம் கேட்கவில்லை, நியாயத் தீர்ப்பும் கேட்கவில்லை. இனி ஒரு வீட்டுக்கு இப்படிப் போக வேண்டி வந்தால், இருவரையும் ஒன்றாக இருத்தி வைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண் ஒருவர் அவளைத் தனியாக, கடைக்கோ கோயிலுக்கோ கூட்டிக் கொண்டு போய்க் கேட்கட்டும். கேட்டதை ஊருக்கு அழைத்துச் சொல்லாதீர்கள். அவன் கூப்பிட்டவனா வந்தவனா என்று பார்க்க முதல், அடித்தது யார் என்று கேளுங்கள். அவளுக்குச் சொல்ல வேறொன்றும் தெரியாவிட்டால் 211 என்ற எண்ணையாவது சொல்லுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பேசலாம், தங்குமிடம் முதல் சட்ட உதவி வரை எங்கே போவது என்று சொல்லுவார்கள். வேலைக்குப் போகிறவள் என்றால், ஒன்ராறியோவில் வீட்டு வன்முறைக்கென்றே விடுப்பு உண்டு, முதல் 5 நாளுக்குச் சம்பளமும் உண்டு என்று சொல்லுங்கள். அது எனக்குத் தெரியாததால் வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போய், படியில் விழுந்தேன் என்று சொன்னேன்.

கோயில் சபையில் இருப்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். காலணி கழற்றி வைக்கும் இடத்தில் ஒரு அறிவித்தல் பலகை இருக்கிறது, அதில் திருவிழா உபயகாரர் பட்டியலும் வாடகைக்கு அறை விளம்பரமும் தொங்குகிறது. இந்த 3 வருடப் பொறுப்பேற்பு என்றால் என்ன, வெல்ஃபெயர் எடுப்பேன் என்று மிரட்டினால் என்ன செய்யலாம், எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், வழக்கறிஞரிடம் காட்டித் திருத்தியும் விட்டேன். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒன்று ஒட்டினால் இன்னும் நல்லது, அங்கேதான் யாரும் பக்கத்தில் நின்று பார்க்காமல் ஒருத்தி வாசிக்கலாம். வருகிற வெள்ளிக்கிழமை பூசைக்கு ஐம்பது பிரதி எடுத்துக் கொண்டு வருகிறேன், ஒட்டுவதற்கு ஒட்டு நாடாவும் நானே கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
நீங்கள் தேநீர் குடித்த வீட்டுக்காரி