முதியோர் சங்கத்தின் ஆண்டறிக்கை – 2025

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் பின் எம்மை விட்டுப் பிரிந்த அங்கத்தவர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துகிறோம். நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. ஒக்டோபர் 1 முதியோர் தினம் சனசமூக நிலையத்தில் நடைபெற்றது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இவ்வாண்டு எமது கூட்டங்களை நிரப்பிய விடயத்துக்கு, முதியவர்களின் சீவியச் செலவுக்கு, நேரே வருகிறேன்.

1981 இல் இலங்கையில் அறுபது வயதைத் தாண்டியோர் 6.6 வீதம், 2012 குடிசன மதிப்பீட்டில் 12.4 வீதம். யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு வேறுவிதமாகவும் கனக்கிறது. யுத்தத்தில் பிள்ளைகளை இழந்தோம்; மிஞ்சியவர்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள்; 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இன்னும் பலர் போனார்கள்.

அரச ஓய்வூதியம் பெறுவோருக்கு மாத வருமானம் நிச்சயம். கடைகளிலும் ஆலைகளிலும் உழைத்தோருக்கு சம்பளத்தில் மாதாமாதம் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி, ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் ஒரே தொகையாகக் கைக்கு வருகிறது. மகளின் கலியாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் அது போய்விட, எழுபது வயதில் ஒன்றும் இருப்பதில்லை. தோட்டம் செய்தவர்களுக்கும் கள் இறக்கும் சீவல் தொழிலாளருக்கும் அதுவும் இல்லை. வறிய முதியோர் கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டம் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தியது. வரவேற்கிறோம், ஆனால் மருந்தும் சாப்பாடும் அதற்குள் அடங்காது.

சேமிப்பு வட்டியை நம்பியிருந்தோரின் துயரம் இன்னொன்று. மூத்த பிரசைகளுக்கான 15 வீத வட்டி இருந்தபோது பத்து இலட்சம் ரூபாய் வைப்பு மாதம் 12,500 ரூபாய் தந்தது. அத்திட்டம் 2022 இல் நிறுத்தப்பட்டது. இன்று சாதாரண நிலையான வைப்பில் ஏறத்தாழ அதில் பாதிதான் கிடைக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் பிடிக்கும் வரியும் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வரி இலக்கத்துடன் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். இது எம் அங்கத்தவர் பலருக்குத் தெரியாது. ஒரு வங்கிக் கிளையில் எண்பது வயதுத் தாயாரைத் திரும்பத் திரும்ப அலையவிட்டார்கள். ஆகவே ஞாயிறுதோறும் நிலையத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். உதவிய உயர்தர மாணவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

தோட்டக் காணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல செம்மண், தண்ணீர் வற்றாத கிணறு, கொத்துவதற்கு ஆளில்லை. குத்தகைக்குக் கொடுத்தால் காணி கைமாறிவிடும் என்ற பயம் உரிமையாளருக்கு. எழுத்து மூலம் உடன்படிக்கை செய்து சில காணிகளில் வெங்காயமும் மிளகாயும் போடச் செய்தோம். நடுகைக் காலத்தையும் பூச்சி நோயையும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எம் அங்கத்தவர்களே. அந்த அறிவுக்கும் விளைச்சலில் ஒரு பங்கு கொடுப்பதே நியாயம் என்பது எனது கருத்து.

என் மனதை மிகவும் வருத்துவது பராமரிப்பு. எம் ஊர்ப் பிள்ளைகள் பராமரிப்பாளர் பயிற்சி பெற்று இஸ்ரேல் வரை போய் யாரோ ஒருவரின் தாயைப் பார்க்கிறார்கள். இங்கே படுக்கையில் இருக்கும் தாய்க்கு அயலவர் இரக்கப்பட்டு ஊட்டிவிட்டால்தான் சோறு. வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் அனுப்பாமலில்லை. அது மதிலாகவும் மாடியாகவும் நிற்கிறது. அதில் ஒரு பகுதி மாதச் சம்பளமாக மாறினால் தாய்க்கும் துணை கிடைக்கும். போரில் கணவனை இழந்து வீட்டைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கும் ஊரிலேயே வேலை கிடைக்கும். சில வீடுகளில் இதைத் தொடங்கியுள்ளோம். தொண்டு என்று சொல்லி இந்த உழைப்பைக் குறைந்த கூலிக்கு வாங்குவதை நிர்வாகசபை ஏற்காது.

எனவே பின்வரும் தீர்மானத்தைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்: பராமரிப்பாளர்களுக்குச் சங்கமே தொழில்வழங்குநராகப் பதிவு செய்து, சேமலாப நிதிக்கு அவர்களின் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதத்துடன் எமது 12 வீதத்தையும், தொழில்வழங்குநர் மட்டும் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் செலுத்த வேண்டும். அதற்கான செலவைச் சேவை பெறும் குடும்பங்களிடம் கட்டணத்துடன் சேர்த்து அறவிடலாம்.

நன்றி.

செயலாளர்