செயலாளர் ஆண்டறிக்கை: தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி, குன்னூர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு அம்பாள் படங்கள் மட்டுமே எழுதப்பட்டன: கஜலட்சுமி, ராஜராஜேஸ்வரி, மதுரை மீனாட்சி. வகுப்பு விவரம் பதிவேட்டில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இங்கே விரிவாகப் பேச வேண்டியது ஈரத்தைப் பற்றித்தான்.

தஞ்சாவூர் ஓவியம் சமவெளி வெயிலில் வளர்ந்த கலை. வடகிழக்குப் பருவமழை ஊட்டியைவிடக் குன்னூரில் பலமாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மக்கு (சாக் பவுடரையும் பசையையும் குழைத்துப் படத்தில் புடைப்பாக ஏற்றும் பூச்சு) நான்கு நாளானாலும் உள்ளே பச்சையாகவே இருக்கிறது. விரல் வைத்தால் காய்ந்ததுபோலத் தோன்றும். நகத்தால் ஓரத்தை அழுத்தினால் தடம் விழும். தடம் விழுகிற வரை அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டவே கூடாது. அவசரப்பட்டு ஒட்டிய ராஜராஜேஸ்வரி படத்தில் கரும்பு வில்லின் கணுவுக்குக் கணு ரேக்கு உப்பிவிட்டது. கீறிப் பார்த்தால் அடியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. 22 காரட் ரேக்கு அத்தனையும் வீண்.

ஹீட்டர் முன்னால் வைத்துக் காயவைப்பது அதைவிடக் கெடுதல். மேல்தோல் முதலில் சுருங்கும், உள்ளிருக்கும் ஈரம் பிறகு வெளியேறும், விரிசல் விடும். சாக் பவுடர் இரண்டு பங்கு, பசை ஒரு பங்கு என்று குழைத்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றுவதே வழி. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பசையாகச் சேர்க்கும் வேலம்பிசின் ஈரத்தை இழுக்கும், பூஞ்சைக்கும் அது தீனி. கரைக்கும்போதே சில துளி கிராம்பு எண்ணெய் விடுங்கள்.

பலகையின் முன்புறம் துணி ஒட்டி மக்கு பூசுகிறோம், பின்புறத்தை மறந்துவிடுகிறோம். அந்தப் பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளைகிறது. பின்புறத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் இரண்டு கை வார்னிஷ் கட்டாயம். துணியைக் கஞ்சி போக வெந்நீரில் அலசிய பிறகே ஒட்ட வேண்டும். சட்டம் போடும்போது கண்ணாடி, படத்தில் பதித்த கல்லிலோ ரேக்கிலோ படாதபடி உள்ளே சிறு மரச்சட்டம் வைத்து இடைவெளி விடுங்கள். படிகிற பனித்துளி நேராகத் தங்கத்தில் இறங்கக் கூடாது.

வரைபடத்தில் கண்ட பிழை ஒன்று. நகலெடுக்கும் தாளைத் திருப்பிப் போட்டதால் மீனாட்சியின் வலக்கையில் இருக்க வேண்டிய கிளி இடக்கைக்குப் போய்விட்டது. ராஜராஜேஸ்வரிக்கு மேல் வலக்கையில் அங்குசம், மேல் இடக்கையில் பாசக்கயிறு. கீழே வலக்கையில் மலர்க்கணை, இடக்கையில் கரும்பு வில். தாளில் 'வலம்', 'இடம்' என்று எழுதி வைத்தால் மாறாது. மக்கு ஏறிய பிறகு இதைத் திருத்தவே முடியாது.

கண் திறப்பு எப்போதும் கடைசி வேலை. கருமணி மேலிமையைத் தொட்டு நிற்க வேண்டும். தொடாமல் நடுவில் மிதந்தால் அம்பாளின் பார்வை வெறித்துப்போகும். மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் இமைக்கோட்டை முடியுங்கள்.

இதையெல்லாம் வைத்துச் செயற்குழு அட்டவணையை மாற்றியுள்ளது. தை முதல் சித்திரை வரை பலகை, மக்கு, ரேக்கு. ஆனி முதல் ஐப்பசி வரை வண்ணமும் கோடும். கண் திறப்பு அடுத்த தை வெள்ளிக்கிழமைகளில். புதிதாகப் படம் தொடங்குவோர் வார்னிஷ் அடித்த பலகையை மார்கழி கடைசிக்குள் சங்க அறையில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்