மச்சானின் புது வண்டிக்கு

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நாலு பேரும் நலம். அங்கே அம்மா, அப்பத்தா, மச்சான், பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? மச்சான் வாங்கிய புதுக் காரின் படம் வந்தது. மாலையும் சந்தனமுமாக உத்தரகோசமங்கை கோயில் வாசலில் நிற்கிறது, கண்ணு பட்டுவிடும். ஆனால் உள்ளே சீட்டும் சந்தன நிறமாக இருக்கிறதே! அதுக்கு மேலே ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறை வேறு. 'பிள்ளைகள் நாசம் பண்ணிடும், ஒரு வருசத்துக்குக் கழற்றவே கூடாது' என்று மச்சான் சொல்கிறார், நீங்கள் அங்கே எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் மச்சான் பாதியிலேயே கேலி பண்ண ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த பிளாஸ்டிக்கைக் கழற்றச் சொல். நம் உச்சிப்புளிக் கடற்காற்றின் ஈரம் உனக்குத் தெரியாததா? வேர்வையும் ஈரமும் உறைக்கு அடியில் போனால் வெளியே வர வழியில்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும். இன்னொன்றும் பார். முன் சீட்டில் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணி அடையாளம் தைத்திருக்கிறதா? இருந்தால், விபத்தில் அந்த ஓரத்தைக் கிழித்துக்கொண்டுதான் ஆளைக் காக்கும் காற்றுப் பை விரியும். இராமநாதபுரத்தில் ரெக்சின் உறை போடுவதானாலும் அந்த இடத்தை அடைக்காத உறையாகக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்பார். நம்ப வேண்டாம்.

இங்கே வண்டி என்பது பாதி வீடு. நீ சந்தைக்குக் கிளம்பினால் பிள்ளைகளை அப்பத்தாவிடமோ எதிர்வீட்டு மதினியிடமோ விட்டுவிட்டுப் போய்விடுவாய். எங்களுக்குப் பால் வாங்கப் போனாலும் இரண்டையும் சட்டை மேல் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பனிக்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. டே கேரில் இருந்து எடுத்து, நீச்சல் வகுப்பு முடித்து வருவதற்குள் பசி வந்துவிடும். வழியில் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்குவோம். சாப்பாடு, தூக்கம், சண்டை, சில நாள் வாந்தி, எல்லாம் பின் சீட்டில்தான். வண்டியில் சாப்பிடாதே என்று சொல்லி ஆகாது, அதனால் எதைச் சாப்பிடலாம் என்பதில் மட்டும் கறாராக இருக்கிறோம். குடிக்கத் தண்ணீர் மட்டும். முறுக்கு சரி, சாக்லேட் கிடையாது. உதிர்ந்ததை வேக்குவத்தில் எடுத்துவிடலாம், உருகியதை என்ன செய்ய?

இங்கே பெரிய எதிரி உப்பு என்றால் நம்புவாயா? ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு கலந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது. நம் வாலிநோக்கத்தில் கடல் தண்ணீரைப் பாத்தி கட்டிக் காயவைத்து எடுக்கிறோம். இவர்களோ கோடரிச் என்ற ஊரில் ஹியூரான் ஏரிக்கு அடியில், ஐந்நூறு மீட்டருக்கும் கீழே, சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள். அந்த உப்பு பிள்ளைகளின் பூட்ஸோடு ஏறி, கால் வைக்கிற கார்பெட்டிலும் முன் சீட்டின் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, துணியால் ஒற்றி எடுத்தால் போய்விடும். காலடியில் விளிம்பு உயர்ந்த ரப்பர் பாய் போட்டிருக்கிறோம், உருகிய தண்ணீர் அதிலேயே தேங்கும். முன் சீட்டின் முதுகில் பழைய கைலியைத் தொங்கவிட்டிருக்கிறேன். அப்பா கட்டியது. உதைத்து உதைத்து நைந்துவிட்டது, ஆனால் சீட்டுக்கு ஒன்றுமில்லை.

உனக்குப் பனி இல்லை, அரியமான் கடற்கரை மணலும் கடல் தண்ணீரும் இருக்கின்றன. மணலை ஈரத்தோடு துடைக்காதே, நெசவுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, தட்டி, பிறகு பிரஷ் போடு. கடல் தண்ணீர் பட்ட இடத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வை. இல்லாவிட்டால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சீட்டு காயவே காயாது. பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் இரண்டு தேங்காய்ப்பூத் துண்டை மாற்றி மாற்றி விரித்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

பால் கொட்டினால் வெந்நீர் ஆகாது, சூட்டில் திரிந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஒற்றி, சமையல் சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் போடு. உடனே பார்க்க வேண்டும், ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிட்டால் ஒரு மாசத்துக்கு நாறும். மீன்குழம்பு சிந்தினால் முதலில் மாவோ பவுடரோ கொட்டி எண்ணெயை உறிஞ்ச விடு. மஞ்சளுக்குத் துணிசோப்பைத் தொடாதே, சிவந்துபோகும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே வேலைதான். மிச்சக் கறைக்குக் கதவைத் திறந்து வெயில் காட்டு, மஞ்சள் வெளுத்துவிடும். நம் ஊர் வெயிலைச் சும்மா விடுவானேன்! எதையும் தேய்க்காமல், ஓரத்திலிருந்து நடுவாக ஒற்ற வேண்டும்.

மச்சானுக்குப் பிடிக்காத ஒன்றும் சொல்ல வேண்டும். இங்கே எட்டு வயது, 36 கிலோ, 145 செ.மீ. உயரம், இதில் ஒன்றையாவது எட்டும்வரை பிள்ளைக்குத் தனி சீட்டோ, பெல்ட் சரியாகப் பொருந்த உயர்த்தி உட்காரவைக்கிற பூஸ்டரோ கட்டாயம். நம் நாட்டிலும் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, பதினாலு வயதுக்குள் இருக்கிற பிள்ளையை பெல்ட் போடாமலோ பிள்ளை சீட்டில் வைக்காமலோ ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். பாம்பன் பாலத்தில் ரயில் பார்க்க என்று சின்னவனை முன் சீட்டில் நிற்க வைத்த படத்தையும் பார்த்தேன். வேண்டாம் அக்கா. பிள்ளை சீட்டு வாங்கினால், சீட்டு அழுக்காகும் என்று அடியில் தலையணையோ தடித்த மெத்தையோ வைக்காதே. கட்டும்போது இறுக்கமாகத் தெரியும், மோதினால் அது அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். அதன் பெல்ட்டை ஊறப்போட்டுத் துவைக்கவும் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மேல் துணியை மட்டும் கழற்றித் துவைத்துக்கொள்.

கருவாட்டை மூடி இறுகிய டப்பாவில்தான் டிக்கியில் வை. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே வாடையைத் தடுக்க ஒன்றுமில்லை. அடுத்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் முண்டு மிளகாய் ஒரு கிலோ கொடுத்துவிடு, இங்கே கிடைக்கிற மிளகாயில் குழம்பு நிறம் மட்டும்தான் வருகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. ரப்பர் பாய் மட்டும் கேட்காதே, வண்டிக்கு வண்டி அளவு வேறு. மச்சான் வண்டிக்கு மதுரையில் விசாரித்தாலே கிடைக்கும்.

இப்படிக்கு,
உன் தம்பி