ஆணுக்கும் சேர்த்தே மருந்து எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக்டீரியல் வஜைனோசிஸ் எனும் பெண்ணுறுப்புக் கிருமித் தொற்றுக்கு மருந்து சாப்பிட்டு முடித்த சில வாரங்களிலேயே மீன் வாடையும் நீர்த்த வெள்ளைப்படுதலும் திரும்பிவிடுவது பல பெண்களின் அவதி. சுத்தம் போதாது என்ற பழியும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. இது அநியாயம். கிருமி ஆண் துணையிடமிருந்தும் திரும்பி வரலாம்.

2025 மார்ச்சில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வைப் பாருங்கள். ஒரே துணையுடன் வாழும் ஜோடிகளில் பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ஆணுக்கும் தந்தபோது 35 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஆணுக்குக் கொடுத்த கிருமிக்கொல்லி மருந்துகள் இரண்டு: மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரை தினம் இருவேளை, 2 சதவீத கிளிண்டாமைசின் கிரீம், அதுவும் இருவேளை. இரண்டும் 7 நாள். முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் மாத்திரையை மட்டும் நம்பிப் பலன் காணவில்லை. கிருமி ஆணின் சிறுநீர்க்குழாயில் மட்டுமா இருக்கிறது? முன்தோலுக்கு அடியிலும் ஒட்டியிருக்கிறது. ஆகவே தோலைப் பின்னுக்குத் தள்ளி, ஆணுறுப்பின் மொட்டு முழுவதும் படும்படி கிரீமைத் தடவ வேண்டும். மேலோட்டமாகப் பூசினால் வீண்.

மாத்திரை வாயில் உலோகச் சுவையைத் தரும், குமட்டும். மூன்றாம் நாளே நிறுத்திவிடத் தோன்றும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாங்கலாம். கிரீமிலுள்ள எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதால், அந்த ஒரு வாரம் இருவரும் உடலுறவைத் தவிர்ப்பதே சரி. இருவரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதையும் மருத்துவர்கள் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

– பால்வினை நோய் மருத்துவர்கள் இருவர்