கண்ணில் வடிவது ரத்தம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் வட்டாரத்தில் வெள்ளை எலியைச் செல்லமாக வளர்க்கிற வீடுகள் உண்டு. அதற்கு நோய் வந்தால் ‘எலிக்கெல்லாம் வைத்தியமா?’ என்ற கேலி முதலில் வருகிறது. பிறகு ‘என்ன நோயென்றே தெரியவில்லை’ என்று மருந்துக் கடையில் எதையாவது வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லப்படும் நோய்கள் பலவற்றின் காரணத்தை வீட்டிலேயே ஓரளவு நெருங்கிவிட முடியும். அதற்கு முதலில் வேண்டியது மருந்தல்ல, தராசு.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்தராசு போதும். பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு எலியை உள்ளே விட வேண்டும். நன்றாக இருக்கும்போது வாரம் ஒருமுறை, நோயென்றால் தினமும் காலையில் தீனிக்கு முன். வளர்ந்த பெண் எலி பெரும்பாலும் 250 முதல் 350 கிராம் இருக்கும். ஆண் அதைவிடக் கனம். 300 கிராம் எலி 30 கிராம் இறங்கிவிட்டால் காத்திருக்கக் கூடாது. எலி மற்ற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி, அதனால் நோயைக் கடைசிவரை மறைக்கும். முடி சிலிர்த்து முதுகு கூனி உட்காரும்போது காரியம் முற்றியிருக்கும். தராசு அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். மூச்சையும் எண்ண வேண்டும்: தூங்கும்போது கைப்பேசியில் 15 வினாடி படம் பிடித்து, மெதுவாக ஓட்டி எண்ணி, நான்கால் பெருக்கவும். நிமிடத்துக்கு 70 முதல் 115 வரை இயல்பு. எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக வடிவதைப் பார்த்துத்தான் பலரும் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் ரத்தம் அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. கடைக்காரர்கள் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கை இருட்டில் அதன்மேல் காட்டினால் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. விளக்கை எலியின் கண்ணில் அடிக்க வேண்டாம், ஈரத் துணியில் துடைத்து எடுத்துத் துணியைக் காட்டினால் போதும். போர்ஃபிரின் தனி நோயல்ல. உடம்புக்கு முடியவில்லை, அல்லது எதற்கோ மிரண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒளிராத சிவப்பு மூக்கிலோ சிறுநீரிலோ வந்து, பாதமும் காதும் வெளுத்திருந்தால், எலியைக் கொல்ல வைக்கும் விஷத்தைத் தின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரோமாடியோலோன் போன்ற விஷக் கட்டிகள் தின்ற அன்றே வேலை காட்டாது. சில நாள் கழித்துத்தான் ரத்தப்போக்கு தொடங்கும். அதற்கு வைட்டமின் கே1 என்ற முறிவு மருந்து உண்டு என்பதால் விஷக் கட்டியின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லவும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கப் பார்ப்பது வீண், ஆபத்தும் கூட.

தும்மல், நெஞ்சில் ‘டிக் டிக்’ சத்தம், மெலிவு மூன்றும் சேர்ந்தால் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமியை முதலில் சந்தேகிக்கலாம். செல்ல எலிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் உடம்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கிளப்பிவிடுவது நாம்தான். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா கூண்டின் தரையருகேதான் அதிகம் இருக்கும்; நம் மூக்குக்கு எட்டுகிறதென்றால் அதற்குள்ளேயே படுத்திருக்கும் எலியின் நிலையை யோசிக்கலாம். தச்சுப் பட்டறை மரத்தூளை விரிக்க வேண்டாம், தூசி நுரையீரலுக்குப் போகும். பழைய பருத்தித் துணி அல்லது செய்தித்தாள் கிழிசல் போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சிறுநீர் ஊறிய தட்டில் பிளீச்சிங் பவுடர் தூவினால் குளோரமைன் என்ற நச்சுப் புகை எழும். அது எலிக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. சோப்புத் தண்ணீரும் நல்ல வெயிலும் போதும். கொசுவர்த்தி, சாம்பிராணி, கருவேலங்கரி மூட்டம் எதுவும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது. கடற்காற்றில் கம்பிக் கூண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பித் தரையில் நடந்தால் உள்ளங்காலில் புண் வரும். தரைக்குத் துணி போட்டுவிடவும்.

நமது கடற்கரைக்கே உரிய காரணம் ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை. முனையில் எஃகு உருண்டை வைத்த தண்ணீர் பாட்டிலில் உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினால், உருண்டையைச் சுற்றி வெள்ளைப் படிவம் கட்டி அது இறுகிவிடும். பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், எலி தாகத்தில் காயும், தீனியும் குறையும். வீட்டில் இருப்பவர்கள் பசியின்மை என்று மருந்து தேடுவார்கள். 300 கிராம் எலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மி.லி. குடிக்கும்; பாட்டிலில் கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உருண்டையை விரலால் தட்டி நீர் சொட்டுகிறதா என்று தினமும் பார்க்கவும். படிவத்தை வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். நாம் குடிக்கிற தண்ணீரையே எலிக்கும் ஊற்றவும்.

கோடையில் இன்னொரு தொல்லை. எலி வியர்த்துக் குளிராது. உடம்புச் சூட்டில் கணிசமான பங்கை வால் வழியாக வெளியேற்றும். தகரக் கூரையின் கீழ், புழுக்கத்தில் சுருண்டு விழுந்தால் வாலையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டு போகவும். ஐஸ் தண்ணீரில் முக்குவது தவறு. மின்வெட்டு நாட்களில் உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கவும்; தரை ஓடொன்றையும் போட்டுவைத்தால் அதன்மேல் படுத்துக்கொள்ளும்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்தால் தீனியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். முன்கைகளால் பிடித்துத் தின்றால் உள்காதுச் சீழாக இருக்க வாய்ப்பு அதிகம். பிடிக்கத் தெரியாமல் தவறவிட்டால், அதுவும் வயதான பெண் எலியென்றால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. இந்த ஒரு தகவலே மருத்துவருக்குப் பெரிய உதவி. பெண் எலியின் மடிக்கட்டிகள் கழுத்துமுதல் தொடையிடுக்கு வரை எங்கும் வரலாம். அவற்றில் பெரும்பாலானவை புற்றல்ல. சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டாம். ஆணும் பெண்ணும் ஒரே பெட்டியில் வாங்கி வந்திருந்தால் ‘காரணம் தெரியாத வயிற்று வீக்கம்’ 21 முதல் 23 நாளில் குட்டியாகிவிடும்!

மருந்தளவில்தான் அதிகம் தவறுகிறார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் 1 சதவீத ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தில், ஒரு மி.லி.யில் 10 மி.கி. இருக்கிறது. உண்ணிச் சிரங்குக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. என்றால், 300 கிராம் எலிக்கு வேண்டியது 0.006 மி.லி. தான். ஒரு துளியே 0.05 மி.லி. வரும், எட்டு மடங்குக்கு மேல். மருத்துவர் நீர்க்கச் செய்து தராமல் இதைத் தொடக் கூடாது. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி கிலோவுக்கு 5 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு 1.5 மி.கி.; 100 மி.கி. மாத்திரையைக் கண்ணளவில் நறுக்கி அதைக் கொண்டுவர முடியாது. பால், தயிருடன் கொடுத்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். மருந்தை அளக்கும் இன்சுலின் சிரிஞ்சிலும் இரண்டு வகை உண்டு: சிவப்பு மூடியில் 0.1 மி.லி. என்பது 4 யூனிட், ஆரஞ்சு மூடியில் 10 யூனிட். ‘நாலு யூனிட்’ என்று கேட்டு வந்து மாற்றி ஏற்றிவிடாதீர்கள், மி.லி. கணக்கில் எழுதி வாங்கவும்.

சாப்பிடாத எலிக்குச் சத்துமாவுக் கஞ்சி, மசித்த முட்டை, பருப்புச் சோறு கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு. ஊசி நீக்கிய சிரிஞ்சை வாயின் ஓரத்தில் வைத்து 0.1 மி.லி. வீதம், விழுங்கியதைப் பார்த்துப் பார்த்துப் புகட்ட வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போகும். மயங்கிக் கிடக்கும் எலிக்கு எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவரிடம் கொண்டு போக வெயிலுக்கு முந்தைய பேருந்து நல்லது. சிந்தும் பாட்டிலுக்குப் பதில் வெள்ளரித் துண்டு போதும். கூண்டுத் தோழன் இருந்தால் அதையும் கூட்டிச் செல்லவும், தனிமையில் எலி மிரளும்.

நம் அரசு கால்நடை மருத்துவர்கள் நாள் முழுவதும் ஆடு, மாடு, கோழியோடு மல்லுக்கட்டுபவர்கள். எலியைக் கண்டு தயங்குவது அக்கறையின்மை அல்ல. எடை, மூச்சு, தண்ணீர்க் கணக்கை எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கிராம் தராசும் சிற்றுயிர்களுக்கான மருந்தளவு அட்டவணையும் கொடுத்தால் செலவு அதிகமாகாது.

வீட்டாருக்கும் ஒரு எச்சரிக்கை. தெரு எலியோடு பழகிய செல்ல எலி எலிக்காய்ச்சல் கிருமியைச் சிறுநீரில் விடலாம். கூண்டைக் கழுவும்போது கையுறை வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கடித்த பின் காய்ச்சல் வந்தால் ‘எலி கடித்தது’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காரணம் தெரியாமலே இறந்துவிட்டால், மிச்சமுள்ள எலிகளுக்காக உடற்கூறாய்வு செய்து பார்ப்பது நல்லது. உடலை இரண்டு பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து ஒரு நாளுக்குள் கொண்டு போகவும். உறையும் தட்டில் வைத்தால் திசு சிதைந்து ஆய்வுக்கு உதவாது. எடைக் குறிப்பும் கொடுத்த மருந்துகளின் பெயரும் கூடவே போக வேண்டும்.

இப்படிக்கு,
எலி வளர்ப்போர் சிலர்,
மண்டபம்.