எதிர்ப்பு மனு விண்ணப்பதாரர் கைக்கும் வரட்டும்

ஐயா, வர்த்தக முத்திரைப் பதிவு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இணையவழியில் விண்ணப்பிப்பது எவ்வளவு சுலபம் என்பதை நன்றாகவே விளக்கியது. அப்புறம் வரும் ஆபத்தையும் எழுதியிருக்கலாம். 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி, பரிசீலனையில் ஏற்கப்பட்ட பெயர் பதிவகத்தின் வர்த்தக முத்திரை இதழில் வெளியாகும். நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். சரி, அது நியாயம்தான். ஆனால் எதிர்ப்பின் நகல் கிடைத்து இரண்டு மாதங்களுக்குள் பதில் மனு போடாவிட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். எதிர்ப்பில் நியாயம் இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

என் தங்கை குழந்தைகளுக்கான உடைகள் தைத்து விற்கிறாள். ஆறு வருடங்களாக ஒவ்வொரு சட்டையின் கழுத்துப் பட்டையிலும் சிவப்பு நூலில் தன் பெயர்ச்சின்னத்தைத் தைத்து வந்தவள், ஒரு முகவர் மூலம், ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் விண்ணப்பித்தாள். எதிர்ப்பு மனு முகவரின் மின்னஞ்சலுக்குப் போனது. அவர் அதைத் திறந்து பார்த்தபோது கெடு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. மறுபடி விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் முதல் விண்ணப்பத் தேதி திரும்பி வராது. எனவே எதிர்ப்பு மனுவை முகவருக்கு அனுப்பும் நாளிலேயே, பதில் தர வேண்டிய கடைசித் தேதியைக் குறிப்பிட்டு, விண்ணப்பதாரரின் கைபேசிக்கும் அவரவர் தாய்மொழியில் குறுஞ்செய்தி அனுப்புவதைப் பதிவகம் கட்டாயமாக்க வேண்டும்.