பால்மாவு டின் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போரால் இடம்பெயர்ந்த சூடான், காசா பிள்ளைகளுக்காக இங்கே கோயில்களிலும் சங்கங்களிலும் பால்மாவு டின் திரட்டுகிறார்கள். நல்ல மனம்தான், ஆனால் டின் வேண்டாம். முகாமில் நல்ல தண்ணீர் இருக்காது, புட்டியைக் கொதிக்க வைக்க விறகும் இருக்காது. கலங்கிய நீரில் கரைத்த பால் வயிற்றுப்போக்கில் முடியும். புட்டிக்குப் பழகினால் தாய்ப்பாலும் வற்றும்.

கடுமையாக மெலிந்த பிள்ளைக்குத் தேவை சிகிச்சைக்கென்றே தயாரித்த நிலக்கடலைப் பசை. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. எதுவும் கலக்காமல், முனையைக் கிழித்து அப்படியே சப்பலாம். யாருக்கு என்பதை மேற்கையில் சுற்றும் நாடா சொல்லும்: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, கைச்சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு, அந்தப் பிள்ளைக்குத்தான் பசை. ஒரு பிள்ளை தேற ஏறக்குறைய ஒரு பெட்டி, 150 பொட்டலம் ஆகும். நடுவில் சரக்கு நின்றால் பிள்ளை மறுபடி மெலியும். அதனால் பணமாகவே, மாதாமாதம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தை ஊட்டச்சத்துப் பணியாளர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு